மைனாவின் இரண்டாம் பயணம்

காட்டில் பழங்கள் அருகிப்போன வருடம் அது. புதிய பழக்காடு தேடிப் புறப்பட்ட சோணை மைனா, வழிச் சாப்பாட்டுக்காக அணில் செவ்வந்தியிடம் கொட்டைகள் கேட்டான்.

"காடு கிடைச்சா பாதி உங்களுக்கு, அக்கா. கிடைக்கலேன்னா கொட்டைங்க போனதுதான்."

செவ்வந்தி அள்ளிக் கொடுத்தாள்.

வடக்கே போன சோணை வெறும் அலகோடு திரும்பினான். "அங்கே பாறைதான் இருக்கு," என்று அழுதான்.

"அப்போ வடக்கே இனி தேட வேண்டாம். கிழக்கே போய்ப் பாரு," என்று செவ்வந்தி மறுபடியும் கொட்டைகளை எடுத்தாள்.

"மழைக்காலத்துல நாம எதைத் தின்கிறது?" என்று கத்தினான் அவள் கணவன் மாடன்.

"இருக்கிறதைத் தின்னா தை வரைக்கும் வரும். அப்புறம்?"

செவ்வந்தி கொட்டைகளைச் சோணையிடம் கொடுத்தாள். அவன் கிழக்கே பறந்தான்.

மழைக்கு முன்பே சோணை வந்துவிட்டான். அலகெல்லாம் ஊதா நிறம்.

"நாவல் காடு, அக்கா! கிளைங்க பாரம் தாங்காம தரையில கிடக்கு!"

செவ்வந்தி வாலைத் தூக்கிக் குதித்தாள். மாடன் அதற்குள் கிழக்கே ஓடத் தொடங்கியிருந்தான்.