வளையலுக்கு அனுமதி இல்லை

புதுக் காருக்குள் காலை வெயில் மினுங்குகிறது. வீட்டில் ஒரு தட்டைக்கூடத் துடைத்தறியாத கணவர், டேஷ்போர்டைத் தூங்கும் பூனையைத் தடவுவதுபோல மெத்தென்ற துணியால் துடைக்கிறார். வெளியே மனைவி, கழற்றிய வளையல்களைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். "வளையல், மோதிரம், சாவி எதுவும் உள்ள வரக்கூடாது. கீறல் விழும்" என்பது அவர் போட்ட சட்டம்.

"நானாவது ஏறலாமா?"

"இரும்மா, அந்த ஓரம் மட்டும்தான் பாக்கி." ஓட்டுநர் இருக்கையில் முட்டி போட்டு எட்டிக் குனிகிறார். கர்ரென்று ஒரு சத்தம். கியருக்குப் பக்கத்துக் கறுப்புப் பளபளப்பில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. கீறியது அவருடைய பெல்ட் பக்கிள். இருவரும் கோட்டையே பார்க்கிறார்கள். முதலில் சிரிப்பவள் அவள்தான். துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவரும் குலுங்குகிறார். அவள் வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, கலகலவென்று ஏறி உட்காருகிறாள்.