ஆணா, பொண்ணா?

பூந்தமல்லியில் அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் ஒரு பெரியவர் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி மஹீராவின் சிசேரியனுக்காகக் காத்திருந்த ஜமீரிடமும் டப்பாவை நீட்டினார்.

“இன்னா அண்ணாத்தே, ஆணா, பொண்ணா?”

“தெரியாது தம்பி.”

ஜமீர் சிரித்தான். “சரி, யாருக்குக் கொயந்த? பொண்ணுக்கா, மருமகளுக்கா?”

“அதுவும் தெரியாது.”

கடித்த ஜிலேபி ஜமீரின் வாயிலேயே நின்றது. மறை கழன்ற ஆளோ?

“எப்பப் பொறந்துதுன்னாவது தெரியுமா?”

“போன வருஷம்.”

“வெளாடுறீங்களா அண்ணாத்தே?”

பெரியவர் தன் வலது கண்ணைக் காட்டினார்.

“கம்பெனியில ஆசிட் தெறிச்சு வெந்துபோன கண்ணு தம்பி இது. இந்த ஆஸ்பத்திரியில பொறந்த ஏதோ ஒரு குழந்தையோட பனிக்குடச் சவ்வை வெச்சுத் தெச்சுதான் சரிபண்ணாங்க. எந்தக் குழந்தைன்னு சொல்லமாட்டாங்களாம். அதான் எல்லாருக்கும் குடுக்கிறேன்.”

ஜமீருக்குச் சுருக்கென்றது. நேற்று நர்ஸ் அதைத்தான் கேட்டாள். ‘நஞ்சுக்கொடியோட சேத்துப் புதைக்கணும், யாருக்கும் தரமாட்டோம்’ என்று முறுக்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

அதற்குள் மஹீராவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அதே நர்ஸ் வந்தாள். ஜமீர் ஓடினான்.

“சிஸ்டர், நேத்து கேட்டீங்களே பனிக்குடம், தாராளமா எடுத்துக்கோங்க!”

நர்ஸ் மஹீராவைப் பார்த்தாள். மஹீரா சிரித்தாள்.

“நீங்க அந்தாண்ட போனதுமே நான் சரின்னுட்டேன். ஜிலேபி வாயோட நிக்காம, போயி நம்ம கொயந்தைக்கும் ஒரு டப்பா வாங்கியாங்க!”