ஓரத்துப் புள்ளிகள்

மணிலாவில் ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் நர்ஸ் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு நடக்கிறது. பிற்பகல் மழை தகரக்கூரையைப் போட்டு அறைகிறது. மூன்றாம் முறையாகத் தேர்வு எழுதப்போகும் ரோவேனா நோட்டில் நெடுக ஒரு கோடு கிழித்திருக்கிறாள். வலப்பக்கம் பாடத்துக்கு, மனம் எங்காவது ஓடினால் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு உடனே பாடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. பேனாகூட இந்த முறையாவது தேற வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் தீர்த்தம் தெளித்துக் கொடுத்ததுதான். கீழிருந்து ரொட்டி வேகும் வாசம் ஏறி வருகிறது, ஒரு புள்ளி. மின்விசிறி முனகுகிறது, ஒரு புள்ளி. துபாயில் அம்மா இந்நேரம் யார் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாளோ? அதற்கு எத்தனை புள்ளி வைப்பது என்று யோசிக்கிறாள், அந்த யோசனைக்கும் ஒன்று வைக்கிறாள். “அக்கா, கொஞ்சம் கண்ணசந்துட்டேன், உங்க நோட்டக் குடுங்களேன்,” என்று பக்கத்து நாற்காலி ஜெலின் எட்டிப் பார்க்கிறாள். “அடேங்கப்பா, கோடு என்ன அழகா கிழிச்சிருக்கீங்க! பாடம் எங்கக்கா?” ரோவேனா முழங்கையால் பக்கத்தை மறைக்கிறாள். மேலே ‘சிறுநீரகம்’ என்ற தலைப்பு, அதன் கீழே வெறும் வெள்ளைத் தாள். ஓரத்துப் புள்ளிகள் மட்டும் அடிவரை இறங்கியிருக்கின்றன. ஆசிரியை பலகையைத் துடைக்கிறார். ரோவேனா பக்கத்தைத் திருப்பி, அளவுகோலை வைத்து மறுபடியும் கோடு கிழிக்கிறாள். இந்த முறை ஓரத்தை இரண்டு விரல் அகலம் கூட்டி விடுகிறாள்.