பொதுத் தேவைக்கு எடுத்த மின்சாரம்

டயாலிசிஸுக்குப் போக வேண்டிய யூசுப் பாயைத் தன் மின்சார ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்த பிறகுதான் ரெஜினா ஹேண்டில்பார் மேலிருந்த திரையைப் பார்த்தாள். விடிய விடிய சார்ஜில் போட்டிருந்த வண்டியில் பொட்டு மின்சாரம்கூட இல்லை.

‘பசுமைப் போக்குவரத்துத் திட்டத்தின்கீழ் உங்கள் பேட்டரி மின்சாரம் பொதுத் தேவைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இடம்: நாடாளுமன்றக் குழு விசாரணை அரங்கம்.’

எதிரே டீக்கடை டிவியில் அந்த விசாரணைதான் ஓடிக்கொண்டிருந்தது. பசுமைப் போக்குவரத்துத் திட்டத்தால் யாருக்காவது பாதிப்பு உண்டா என்று குழுத் தலைவர் கேட்டார். ஏசிக் குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே துறைச் செயலாளர் சொன்னார்: “இதுவரைக்கும் ஒரு வண்டிகூட நின்னதில்லைங்க.”

“இன்னாம்மா, கெளம்பலையா?” என்றார் பாய், வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு.

ரெஜினா இறங்கி வண்டிக்குத் தோள் கொடுத்தாள்.

“பொய் சொல்றதுக்குக்கூட என் கரண்ட்டுதான் வேணுமா இவனுங்களுக்கு?”