மூலைத் தொட்டி

கண்ணாடிக் கூடத்தில் நெற்பயிர்கள் எல்லாம் காய்ந்து சுருண்டிருக்க, மூலைத் தொட்டி மட்டும் பச்சையாக நின்றது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவளுக்குப் பகீரென்றது. இது வறட்சிச் சோதனை. யாராவது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாலும் இத்தனை நாள் உழைப்பும் பாழ்.

வாசலில் காவலிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. பாவம் பார்த்துத் தண்ணி ஊத்துனீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"சுவத்துல முளைச்ச செடிக்கே தண்ணி ஊத்துற ஆளாச்சே நீங்க! உங்களை இங்க வேலைக்குச் சேர்த்துவிட்ட என்னைச் சொல்லணும்."



திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தொட்டியைத் தராசில் வைத்தாள். தண்ணீர் குடித்த மண் கனக்கும். கனக்கவில்லை. பக்கத்தில் பயிர் கருகிக் கிடந்த தொட்டியை வைத்துப் பார்த்தாள். அதே எடை. பச்சைத் தொட்டியின் மண்ணுக்குள் விரலை விட்டாள். வெறும் புழுதி.

அதில் நின்றது, இரண்டு நெல் வகைகளின் பூவோடு பூ சேர்த்து அவள் கையாலேயே உருவாக்கிய புது ரகம்.

"தண்ணியே இல்லாம நிக்குதுங்க..." என்றாள்.

"ஊத்தச் சொல்லிக் கை துடிச்சது," என்றான் அவன். "உன் பயிராச்சேன்னு தினமும் இந்தப் பக்கமே பார்க்காம சுத்திப் போனேன்."

மேலதிகாரிக்குப் போன் போட்டவளுக்கு, எந்தப் பெருமையை முதலில் சொல்வதென்று தெரியவில்லை.