கொக்குவிலில் விழுந்த விண்கல்

"எங்கடை மண்ணுக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. கறுத்தக் கல்லொண்டு கிடக்குதெண்டால் அது வானத்திலையிருந்துதான் விழுந்திருக்க வேணும்" என்றார் விஞ்ஞானம் படிப்பிக்கும் சோமசேகரம் மாஸ்டர்.

உடுப்பிட்டியில் தமக்கை வீட்டுக்குப் போயிருந்த மனைவி மீனாம்பிகை அப்போதுதான் திரும்பியிருந்தாள். வாழையடியில் கல்லைக் கண்டெடுத்த இந்த மூன்று நாளில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றித் திரியும் கற்களைப் பற்றி மாஸ்டர் ஐந்து வகுப்புகளில் முழங்கிவிட்டார். "ஒருக்கால் பார்த்த கல்லை விஞ்ஞானி மறக்கமாட்டான்" என்றும் சொல்லிவைத்திருந்தார். பின்னேரம் பத்திரிகை நிருபர் படம் எடுக்க வருகிறார்.

"இந்தக் குழியளைப் பாரும். காத்து உரசி எரிஞ்ச அடையாளம். வயது நானூற்றைம்பது கோடி வருசம்!"

மீனாம்பிகை கல்லை மேசையிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தாள். வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"ஐயோ, என்ன செய்யிறீர்? காலை எடும்!"

"எங்கடை கலியாணத்திலை, இதே வீட்டிலை, ஐயர் சொல்ல நீங்கள்தானே என்ரை காலைப் பிடிச்சு இதிலை வைச்சனீங்கள்? அந்த அம்மியின்ரை பாதிதான் உது. குழியள் அம்மி பொளியிறவன் கொத்தினது. போன மாசம் உடைஞ்சுபோச்செண்டு நான்தான் வாழையடியிலை போட்டனான்."

மாஸ்டர் குனிந்து கல்லை உற்றுப் பார்த்தார். அந்தக் கல்லில் அரைத்த சம்பலை இருபது வருசமாய்ச் சாப்பிட்ட விஞ்ஞானி!

"அண்டைக்கு நான் கல்லையோ பாத்தனான்?" என்றார் மெல்ல.

மீனாம்பிகையின் முகம் சிவந்தது. படலையில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"நிருபர் வந்திட்டார். உதையே அவருக்கும் சொல்லுங்கோ."