ஷைமாவின் அளவு

"உங்க மனைவியோட உடம்புக்கு எந்தக் கம்பெனியும் ஜாக்கெட் தைக்கிறதில்ல சார்."

கடை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள் நாஹித். கையில் தேநீரோடு உட்கார்ந்திருந்த இரண்டு படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ட்ரையல் ரூம் திரையை விலக்கிக்கொண்டு வந்த ஷைமா, கழற்றிய முக்குளிப்பு மிதவை ஜாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

எகிப்தின் செங்கடல் கரையில், ஹுர்கடாவில் முக்குளிப்புச் சாமான் கடைகளுக்கா பஞ்சம்? ஷைமாவின் கணவன் ஹாதமிடம் யாரோ நாஹித்தின் கடைதான் நல்ல கடை என்று சொல்லித் தொலைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை இருவரும் மாலத்தீவுக்குப் புறப்படுகிறார்கள். அங்கே தீவுக்குத் தீவு போகிற குட்டி விமானத்தில் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிதான். வாடகை ஜாக்கெட் ஷைமாவுக்குக் காது வரை ஏறிவிடும். அதனால் எடை குறைந்ததாக, சுருட்டிப் பெட்டியில் வைக்கிற மாதிரி அவளுக்கென்று ஒன்று வாங்க வந்திருந்தான். கல்யாண நாள் பரிசு.

இதில் எதையும் நாஹித் கேட்கவில்லை. அவனேதான் சொன்னான். பிறகு படகுக்காரர்களிடம் சொன்னான். போனில் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, ஜாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான்.

"ரெண்டு கிலோகூட வராதுன்னு நீங்கதானே மேடம் எடுத்துக் குடுத்தீங்க?" என்றான் இப்போது.

"ஜாக்கெட்டுக்கு ஒண்ணும் குறையில்ல. தோள்ல தொங்குது, இடுப்புல பிடிக்குது. நான் என்ன பண்ண?"

"பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினா?"

"ஜாக்கெட்ல மாட்டற காத்து சிலிண்டர் முதுகுல ஆடும். யாரோ பின்னாடியே தட்டிக்கிட்டு வர மாதிரி இருக்கும்."

ஹாதம் சுவரில் தொங்கியவற்றைப் பார்த்தான். "அந்தக் கறுப்பு? காத்துப்பை முதுகுல மட்டும்தானே இருக்கு. முன்னாடி இறுக்காதே."

"தண்ணிக்கு மேல வந்ததும் ஆளை முகம் குப்புறத் தள்ளும். பழகினவங்க சமாளிச்சுப்பாங்க. இவங்களைப் பார்த்தா குளியல் தொட்டியிலேயே தடுமாறுவாங்க போல இருக்கு."

ஒரு படகுக்காரன் தேநீருக்குள் சிரித்தான்.

"கடலுக்குப் போனா அவதான் எனக்கு முன்னாடி இறங்குவா மேடம்."

"அலமாரியைத் தள்ளிவிட்டாக்கூடத்தான் இறங்கும்."

இன்னும் துண்டிக்காத போனிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாருடா அந்தப் பொம்பளை? போனை அவகிட்ட குடு, நான் பேசறேன்."

"இரும்மா." ஹாதம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். "சரி மேடம், விடுங்க. காது வரைக்கும் ஏறினா ஏறட்டும், அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கறோம்."

நாஹித் ஒரு கணம் ஷைமாவைப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"எடுங்களேன். இவங்க நிலைமையைப் பார்த்து அங்க படகுலேயே உட்கார வெச்சிடுவாங்க. நீங்க கீழே போய் மீனைப் பாருங்க. இவங்க மேலே உட்கார்ந்து உங்க செருப்பைப் பார்த்துக்கட்டும்."

ஹாதமின் முகம் சிவந்துவிட்டது.

"என் பொண்டாட்டியைச் செருப்புக்குக் காவல் வெச்சுட்டு நான் மீன் பார்க்கணுமா? அவ இறங்காத தண்ணியில நானும் இறங்கல. ரெண்டு பேரும் மணல்ல நடந்துட்டு, நல்லா சாப்பிட்டுட்டு வந்துக்கறோம். உங்க ஜாக்கெட்டும் வேண்டாம், முக்குளிப்பும் வேண்டாம். வா ஷைமா."

வாசலில் நின்று திரும்பினான். "இந்த வாயை வெச்சுக்கிட்டு எப்படித்தான் வியாபாரம் பண்றீங்களோ. ஊர் முழுக்கச் சொல்றேன்."

"தாராளமா. பேரை மட்டும் சரியாச் சொல்லுங்க. நாஹித்."

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. படகுக்காரர்கள் இருவரும் நமக்கெதுக்கு வம்பு என்று தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் தெருமுனை தாண்டுகிறவரை நாஹித் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்கட்டில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்த அவள் கணவன் ஃபிக்ரி, கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம். வந்த ஒரே ஆளையும் விரட்டிட்டே. அதுவும் வாய் திறக்காத ஒரு பொண்ணை நாலு பேர் முன்னாடி இப்படியா பேசுவாங்க?"

"பேசினாத்தான் ஆகும்."

"என்ன ஆகும்? நேரா அடுத்த கடைக்குப் போவான்."

"போகமாட்டான். ரோஷம் வந்துடுச்சு. வெறுமனே பொருந்தலைன்னு சொல்லியிருந்தா இந்நேரம் அடுத்த கடைப் படியிலதான் நிப்பான்."

"நிஜமாவே ஒண்ணுகூடவா பொருந்தல?"

"முதல்ல போட்டதே தைச்சு வெச்ச மாதிரி பொருந்திச்சு." நாஹித் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ட்ரையல் ரூம்ல வயித்துப் பட்டையை இறுக்கப் போனேன், என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'ரெண்டு மாசம் மேடம், முக்குளிச்சா குழந்தைக்கு ஆகாது. போன தடவை மூணு மாசம் முடியறதுக்குள்ள இவர் சந்தோஷத்துல ஊரெல்லாம் சொல்லி, ஊர்க்கண் பட்டு, தங்கல. அதான் இந்தத் தடவை இவருக்கே சொல்லல. எதுவும் பொருந்தலைன்னு எப்படியாவது சொல்லிடுங்க'ன்னு அழறா."